கோட்டுக்கு வெளியே நின்று கத்துவோர் கையேடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பிள்ளையை எழுப்பி, ஷின் பேடைக் கட்டிலுக்கடியிலிருந்து மீட்டு, ஒற்றைச் சாக்ஸுக்காக வீட்டையே புரட்டிப் போட்டு, ஸ்கூட்டரில் ஏற்றி மைதானத்தில் கொண்டுவந்து இறக்கிய பெற்றோருக்குக் கத்துவதற்கு முழு உரிமை உண்டு. எதைப் பார்த்துக் கத்துவது என்பதில்தான் பலருக்குத் தடுமாற்றம். கோச் சொல்லும் பொசிஷன், பிரஸ்ஸிங் எதுவும் விளங்குவதில்லை. ஆஃப்சைடு நேற்று ராத்திரி யூடியூபில் பார்த்தபோது விளங்கியது, இன்று காலை இல்லை. மிஞ்சுவது த்ரோ-இன் ஒன்றுதான். பந்து வெளியே போகிறது, ஒரு பொடியன் கையால் எடுத்து எறிகிறான். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த அப்பாக்களுக்கும் இது பிடிபடும். கையால் செய்கிற காரியம்தானே. போதாக்குறைக்கு, அது நம் செருப்புக்கு முன்னாலேயே நடக்கிறது.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. விதிப்புத்தகத்தைத் தயவுசெய்து படித்துவிடாதீர்கள். கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள், அதில் 15ஆவது த்ரோ-இன். இருப்பதிலேயே குட்டையான விதிகளில் ஒன்று, டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆபத்து அங்கேதான். படித்தவருக்குச் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் சத்தம் வராது. ஐஎஸ்எல் வரைக்கும் ஆட்டக்காரர்களை அனுப்பிய வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து வரும் அப்பா ஒருவர் கார்னர் கொடியருகே டீ கிளாஸோடு வாயே திறக்காமல் நிற்பார், பார்த்திருப்பீர்கள். ஆடியவர், விதி தெரிந்தவர். அவர் பக்கத்தில் நிற்க வேண்டாம். அந்த அமைதி தொற்றிக்கொள்ளும்.

எங்கே நிற்பது

பக்கக்கோட்டின் மேலேயே நிற்கவும். த்ரோ எடுக்கும் இடத்திலிருந்து எதிரணி ஆட்டக்காரர்கள் குறைந்தது 2 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்று விதி சொல்கிறது. எறிபவனுக்கு முன்னால் கையை ஆட்டித் துள்ளி வித்தை காட்டினால் மஞ்சள் அட்டையும் உண்டு. எறிபவனுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி, தண்ணீர் கேன், தங்கையின் சைக்கிள் சகிதம் நிற்கும் பெற்றோரைப் பற்றி 15ஆவது விதி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பையனுக்கு இரண்டு மூன்று அடி ஓடிவந்து எறிய ஆசை இருக்கும். எதிரணிப் பையன் என்றால் உங்கள் முழங்கால் அங்கேயே இருக்கட்டும். நம் பையன் என்றால் ஓரமாக நகர்ந்து, நகராத அடுத்தவரை முறைக்கவும்.

பந்து வெளியே போய்விட்டதா

இதற்குக் காத்திருக்கவே கூடாது. பந்து கோட்டை நோக்கிக் கிளம்பும்போதே “அவுட்!” என்று விடவேண்டியதுதான்.

விதியின்படி கோடும் மைதானத்தைச் சேர்ந்தது. தரையிலோ காற்றிலோ, முழுப் பந்தும் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. பந்து தரையைத் தொடும் இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கலாம், அதன் வயிறு கோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் உள்ளேதான். 2022 டிசம்பர் 1 அன்று கத்தார் உலகக் கோப்பையில் ஜப்பானின் மித்தோமா கோல் கோட்டருகே மீட்டு உள்ளே தட்டிய பந்தை உலகமே வெளியே என்றது. வீடியோ நடுவர்கள் உள்ளே என்றார்கள். தனாகா அடித்த அந்த கோலால் ஜப்பான் ஸ்பெயினை 2-1 என்று வென்றது, ஜெர்மனி மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனது. பக்கக்கோட்டுக்கும் அதே சட்டம்தான். அத்தனை கேமரா வைத்தே அங்கே அடிதடி. காலையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டில் பாதியை இடைவேளைக்குள் நம் செருப்புகளே துடைத்துவிட்ட மைதானத்தில் உங்களை யார் மறுக்க முடியும்?

யாருடைய த்ரோ

“நம்ம த்ரோ!” இதில் ஆராய ஒன்றுமில்லை. கடைசியாக யார்மேல் பட்டு வெளியே போனதோ அவருடைய எதிரணிக்குத்தான் த்ரோ என்பதெல்லாம் ரெஃப்ரீயின் கவலை. நீங்கள் செய்ய வேண்டியது நம் அணி எந்த கோலை நோக்கி ஆடுகிறதோ அந்தத் திசையில் கையை நீட்டுவது. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும். கையையும் மாற்ற மறந்து, இரண்டாம் பாதி முழுக்க எதிரணிக்காகத் தொண்டை வறளக் கத்தியவர்கள் உண்டு.

நம் குழந்தைகளுக்கு இதில் வேறு சட்டம் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். வெளியே உருண்ட பந்தை எவன் முதலில் ஓடிப்போய் எடுக்கிறானோ அவன் தனதென்று கட்டிப்பிடித்துக்கொள்வான். இதை விவரம் தெரியாத பிள்ளைத்தனம் என்று நினைக்க வேண்டாம். 1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் முதன்முதலில் எழுதிய விதி அதுவேதான். வெளியே போன பந்தை முதலில் தொடுகிறவருக்கே த்ரோ, அதுவும் கோட்டுக்குச் செங்குத்தாக மட்டும் எறிய வேண்டும். ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணி இன்னும் அந்த ஆண்டில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஃபவுல் த்ரோ

நம் கலையின் சிகரம் இது. விதி கேட்பது கொஞ்சம்தான். எறிபவர் மைதானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு காலிலும் ஏதாவது ஒரு பகுதி கோட்டின் மேலோ கோட்டுக்கு வெளியே தரையிலோ பட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு கையாலும், தலைக்குப் பின்னாலிருந்து தொடங்கித் தலைக்கு மேலாக, பந்து வெளியே போன இடத்திலிருந்து எறிய வேண்டும். அவ்வளவே. ஆனால் பக்கக்கோட்டில் வழங்கிவரும் வாய்மொழிச் சட்டம் இதைவிட மிக வளமானது.

“கோட்டை மிதிச்சிட்டான்!” நம் பெற்றோரின் முதல் பாட்டு. பேட்மின்டனிலும் டென்னிஸிலும் சர்வீஸ் போடும்போது கோட்டை மிதித்தால் தப்பு என்று பழகிய கண் இங்கும் பதறுகிறது. கால்பந்தில் கோட்டைத் தாராளமாக மிதிக்கலாம். கால் முழுக்கக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால்தான் தவறு.

“காலைத் தூக்கிட்டான்!” குதிகால் எழும்பியதைப் பார்த்து வருவது இது. குதிகால் எழும்பலாம், விரல் தரையில் இருந்தால் போதும். பின்கால் மொத்தமாகத் தரையை விட்டு வந்தால்தான் ஃபவுல். சின்னப் பிள்ளைகள் அங்கேதான் மாட்டுகிறார்கள். நாலாம் நம்பர் பந்து அவர்கள் கைக்குப் பெரிது, தோளில் வலு பத்தாது, உடம்பு முழுவதையும் சேர்த்து எறிகிற வேகத்தில் பின்கால் தானாகத் துள்ளிவிடுகிறது. பின்கால் விரலைத் தரையில் இழுத்துக்கொண்டே எறி என்று கோச் ஒரே ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். எந்தக் கோச்சும் சொல்வதில்லை. இரண்டு வாரமாகக் கார்னர் உத்தி நடக்கிறது.

“பந்து சுத்துது பார்!” கற்பனையின் உச்சம் இது. காற்றில் பந்து சுழன்றால் ஒற்றைக் கையால் எறிந்ததாக அர்த்தமாம். சுழற்சியைப் பற்றி விதியில் எழுத்துகூட இல்லை. இரண்டு கையும் சேர்ந்து எறிந்த பந்தும் சுழலும். ஆனால் இதைக் கத்தும்போது பக்கத்தில் இருப்பவர் உங்களை மரியாதையோடு திரும்பிப் பார்ப்பார், அதற்காகவே கத்தலாம். ஒற்றைக் கை சங்கதிக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. அந்தக் காலத்தில் ஒற்றைக் கையாலும் எறிந்தார்கள். இங்கிலாந்துக்குக் கிரிக்கெட், கால்பந்து இரண்டும் ஆடிய வில்லியம் கன் அப்படி நெடுந்தூரம் எறிவதில் பெயர் பெற்றவர். 1882இல் இரண்டு கை வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அதே கன் 1885இல் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கியதுதான் கன் அண்ட் மூர், உங்கள் பழைய ஜிஎம் மட்டையில் ஒட்டியிருந்த பெயர். கிரிக்கெட் அப்பாக்கள் இதை மைதானத்தில் எடுத்துவிடலாம். ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லை, ஆனால் எடுபடும்.

“தள்ளிப் போய் எறியறான்!” இது மட்டும் உண்மையான புகார். பந்து வெளியே போன இடம் ஒன்று, பையன் பந்தைத் தட்டிக்கொண்டே நகர்ந்து எறிகிற இடம் வேறு. எதிரணிப் பையன் செய்தால் திருட்டு, நம் பையன் செய்தால் சமயோசிதம்.

உட்கார்ந்தோ மண்டி போட்டோ எறியக் கூடாது. ஓடிவந்து எறியலாம். குட்டிக்கரணம் போட்டுக்கூட எறியலாம், எறியும்போது இரண்டு காலும் தரையில் இருந்தால் சரி. 2018 உலகக் கோப்பையில் ஸ்பெயினிடம் 0-1 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் தவித்துக்கொண்டிருந்த ஈரானின் மிலாத் முகம்மதி பந்தை முத்தமிட்டு, வானத்தைப் பார்த்து, ஓடிவந்து கரணம் அடித்தார். அடித்து எழுந்தவர் ஏனோ மனம் மாறி, பின்னால் வந்து சாதாரணமாக எறிந்தார். பையன் அந்த வீடியோவைப் பார்த்திருப்பான். வீட்டுச் சோபாவை அதற்குப் பயன்படுத்துவதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

இனி தண்டனைக்கு வருவோம். ஃபவுல் த்ரோ என்று ரெஃப்ரீ ஊதினால் என்ன ஆகும்? பந்து எதிரணிக்குப் போகும், அவர்கள் அதே இடத்திலிருந்து எறிவார்கள். கார்டு கிடையாது, ஃப்ரீ கிக் கிடையாது. 1931க்கு முன்பாவது ஃப்ரீ கிக் இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். மொத்த விதிப்புத்தகத்திலும் இதைவிட மலிவான தண்டனையைத் தேட வேண்டியிருக்கும். நாம் நரம்பு புடைக்கக் கேட்கும் நீதி இவ்வளவுதான். அந்த நீதி கிடைத்து எதிரணிப் பையன் எறிவான், அவனுக்கும் பின்கால் துள்ளும், திரும்ப நமக்கு. எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் சட்டப்படி ஊதிக்கொண்டே இருந்தால் பந்து மதியச் சாப்பாட்டுக்குள் மைதானத்துக்குள் வராது. அதனால்தான் பல சிறுவர் போட்டிகளில் முதல் ஃபவுல் த்ரோவுக்கு ஊதாமல், எப்படி எறிவது என்று ரெஃப்ரீயே காட்டி, மறுபடி எறியச் சொல்கிறார். இன்னும் குட்டிகளுக்குக் கையால் எறிவதே வேண்டாம், காலால் உள்ளே தட்டினால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். அப்போது “ஏன் சார், இது என்ன ஸ்கூலா?” என்று கேட்கவும். மைதானம் பெரும்பாலும் ஸ்கூலுடையதாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கல். ஆட்டம் பழகுவது வாடகை டர்ஃபில். நாலு பக்கமும் மேலேயும் வலை. பந்து வலையில் பட்டு முதுகில் வந்து விழும், ஆட்டம் தொடரும். வெளியே என்று ஓர் இடமே அங்கே கிடையாது. பத்து வயதில் முதல்முறையாகத் திறந்த மைதானத்துக்கு வந்து, பந்து கோட்டைத் தாண்டிப் புதருக்குள் போவதைப் பார்த்து அவன் திகைத்து நிற்கும்போதுதான் நாம் பின்னாலிருந்து “எறிடா! எறிடா!” என்கிறோம்.

லாங் த்ரோ ஆசை

ஸ்டோக் சிட்டியின் ரோரி டெலப்பைப் பார்த்துவிட்ட அப்பாக்கள் ஒரு ரகம். சிறுவயதில் ஈட்டி எறிந்தவர் அவர். பந்தை ஜெர்சியில் துடைத்துவிட்டு எறிந்தால் கோல் முகத்தில் போய் விழும். 2008 நவம்பரில் ஸ்டோக் ஆர்சனலை 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் அவர் த்ரோவிலிருந்து வந்தவை. டென்மார்க்கின் தோமஸ் குரோன்மார்க் 51.33 மீட்டர் எறிந்து உலக சாதனை வைத்தவர், அவரை 2018இல் லிவர்பூல் த்ரோ-இன்னுக்கென்றே கோச்சாக எடுத்துக்கொண்டது. தூரமாக மட்டும் எறிந்தால் போதாது, வேகமாகவும் யோசித்தும் எறிய வேண்டும் என்பது அவர் பாடம். அந்தப் பகுதி நமக்குத் தேவையில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்துப் பையனுக்குப் பயிற்சி கொடுக்கவும். மைதானத்தில் அவன் எறியும் பந்து ஆறு மீட்டரில் விழுந்தால், கோச்சுக்கு விவரம் பத்தாது என்று அம்மாக்கள் வாட்ஸப் குழுவில் எழுதவும்.

ஆஃப்சைடு என்று கத்தலாமா

கண்டிப்பாக. த்ரோ-இன்னில் நேராகப் பந்தை வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது. இது 1920இலிருந்து சட்டம். நூறு வருடம் தாண்டியும் சேதி நம் மைதானங்களுக்கு வந்து சேரவில்லை என்பதால் தைரியமாகக் கத்தலாம். கோல் கிக்குக்கும் கார்னருக்கும் இதே சலுகை உண்டு. விவரமான கோச்சுகள் இதற்கென்றே ஒரு பையனை எதிரணி கோலருகே தனியாக நிறுத்திவைப்பார்கள். அவன் பந்தை வாங்கி கோல் போட்டதும் நம் பக்கம் முழுக்கக் கை தூக்கும். ரெஃப்ரீ சென்டரைக் காட்டுவார். கார்னர் கொடியருகே அந்த டீ கிளாஸ்காரர் லேசாகச் சிரிப்பார்.

த்ரோவிலிருந்து நேரடியாக கோல் கிடையாது என்பதையும் கேள்விப்பட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதிரணி கோலுக்குள் நேராகப் போனால் கோல் கிக். தன் கோலுக்குள்ளேயே போட்டுக்கொண்டால் கார்னர். 2002 செப்டம்பரில் பர்மிங்காம் நகரத்தின் இரு அணிகளும் மோதிய ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவின் மெல்பெரி தன் கோலிக்கு ஒரு சாதாரணத் த்ரோ போட்டார். கோலி என்கெல்மன் காலை வைத்து நிறுத்தப் பார்த்தார், பந்து காலடியில் நழுவிக் கோலுக்குள் உருண்டது. கால் பட்டதா? பட்டிருந்தால் கோல், படவில்லை என்றால் கார்னர். ரெஃப்ரீ டேவிட் எல்லரே கோல் என்றார். வில்லா 0-3 என்று தோற்றது. அன்று அவர் பாவம் காலால்தான் நிறுத்த முயன்றார், ஏனென்றால் தன் அணியின் த்ரோவைக் கோலி கையால் பிடிக்கக் கூடாது என்று 1997இலிருந்து விதி. நம் கோலிக்கு இது தெரியாது. பதற்றத்தில் பிடித்துவிடுவான், எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் போகும். “கோலி கையால பிடிக்கக் கூடாதா? இது என்னய்யா அநியாயம்?” என்று அப்போது கேட்க வேண்டியிருக்கும், தொண்டையில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

எறிந்தவனே ஓடிப்போய்ப் பந்தை முதலில் தொட்டாலும் மறைமுக ஃப்ரீ கிக்தான். ஆனால் எதிராளியின் முதுகில் மெல்லப் போட்டு, பட்டு வந்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம். வலிக்கும்படி எறியாதவரை விதி இதற்கு இடம் கொடுக்கிறது. நம் பையனுக்கு யாராவது செய்தால் போலீஸைக் கூப்பிடும் குரலில் கத்தவும்.

மற்ற ஆரம்பங்கள்

இவற்றுக்கு அதிக உழைப்பு வேண்டாம், பழைய விதிகளை அப்படியே வைத்துக்கொண்டால் போதும். கோல் கிக் பாக்ஸை விட்டு வெளியே வந்தால்தான் ஆட்டம் தொடங்கும் என்பது 2019இல் போய்விட்டது, அடித்து அசைந்ததுமே ஆட்டம் ஆரம்பம். நாம் “வெளிய வரல, மறுபடி!” என்போம். சென்டரில் கிக்-ஆஃப் முன்னோக்கித்தான் போக வேண்டும் என்பது 2016இல் போயிற்று. டிராப் பாலுக்கு இரண்டு பேர் எதிரெதிரே நின்று காலை வீசிய பொற்காலமும் 2019இல் முடிந்தது, இப்போது ஓர் ஆளுக்குப் போடுகிறார்கள், மற்றவர்கள் 4 மீட்டர் தள்ளி நிற்கிறார்கள். கோலி பந்தை 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்பது 2025இல் வந்த புதுச் சரக்கு. ரெஃப்ரீ கடைசி ஐந்து விநாடியை விரலால் எண்ணிக் காட்டுவார். உங்களிடம் கையசைப்பதாக நினைத்துப் பதிலுக்கு அசைக்க வேண்டாம்.

ரெஃப்ரீயை அழைக்கும் முறை

பெரும்பாலும் கல்லூரிப் பையன், காலை டிபன்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டான். ஆட்டம் தொடங்குமுன் “குட்மார்னிங் சார்.” முதல் த்ரோ நமக்கு எதிராகப் போனால் “ரெஃப்ரீ!” இரண்டாவதுக்கு “என்ன தம்பி, பார்த்து.” மூன்றாவதுக்கு “யோவ்.” நமக்குச் சாதகமாக ஒன்று வந்ததும் மறுபடி “சூப்பர் சார்.” இந்தப் படிகளைத் தாண்டக் கூடாது. மற்ற ஊர்களில் தாண்டியவர்களால் நம் தொழிலுக்கே கெட்ட பெயர். இங்கிலாந்தில் 2023இல் உள்ளூர் ஆட்ட ரெஃப்ரீகளின் நெஞ்சில் கேமரா மாட்டிப் பார்க்கும் அளவுக்குப் போயிற்று. அமெரிக்காவில் சில சிறுவர் லீக்குகளில் பெற்றோர் வாயில் லாலிபாப்பைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். இங்கே அது வந்தால் குச்சி ஐஸாகக் கொடுப்பார்கள், கரைந்ததும் தொடரலாம்.

கொடி கைக்கு வந்தால்

அதிகம் கத்துபவருக்கு நேரும் தொழில் விபத்து இது. சிறுவர் ஆட்டங்களில் தனி லைன்ஸ்மேன் இல்லாத நாள் அதிகம். ஏற்பாட்டாளர் சுற்றிப் பார்ப்பார், நன்றாக விவரம் தெரிந்தவராக உங்களைக் கண்டுபிடிப்பார். “சார், நீங்களே கொடி பிடிங்க, அவுட் மட்டும் காட்டினா போதும்.” உடனே போனைக் காதில் வைத்துக் கேட் பக்கம் நடக்கவும். முடியாமல் கொடி கைக்கு வந்துவிட்டால், பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டியதும் கொடியை உயர்த்தி ரெஃப்ரீயைப் பார்க்கவும். அவர் கை எந்தப் பக்கம் போகிறதோ, அதே பக்கம் கொடியைச் சரிக்கவும். முறையாகப் பயிற்சி பெற்ற லைன்ஸ்மேன்களும் சந்தேகம் வந்தால் இதைத்தான் செய்கிறார்கள். பின்னாலிருந்து யாராவது “கோட்டை மிதிச்சிட்டான், தெரியலையா?” என்று கேட்டால் திரும்ப வேண்டாம். கொடியோடு டீக்கடைக்குப் போகக் கூடாது. கார்னர் கொடியருகே ஒருவர் நிற்கிறாரே, அவரிடம் சொன்னால் ஒன்று வாங்கி வருவார்.